உள்ளதைக் கொண்டு இல்லம் புதுக்குதல்

மார்கழித் திங்களின் கடைசி நாள் போகி. அன்று விடியுமுன் வாயில்தோறும் தீ எழும். கிழிந்த பாய், உடைந்த முறம், தேய்ந்த துடைப்பம், இற்றுப்போன கூடை ஆகியவை அத்தீயில் இடப்படும். சிறுவர்கள் சிறுபறை கொட்டி மகிழ்வர். பழையதை நீக்கிப் புதியதை ஏற்கும் நாள் அது என்பர் பெரியோர். கருத்து நல்லதே. ஆனால் அந்நாளில் தீயில் இட்டவை யாவை என்று எண்ணிப் பாருங்கள். பாய் கோரையால் ஆனது. முறம் மூங்கிலால் ஆனது. துடைப்பம் ஈர்க்கால் ஆனது. அவை சாம்பலாகி மண்ணோடு மண்ணாகக் கலக்கத் தக்கவை. இனி எதற்கும் உதவா என்னும் நிலையை எய்திய பின்னரே தீயை அடைந்தவை. இன்றோ டயரும் பிளாஸ்டிக்கும் செயற்கை நூல் துணியும் அத்தீயில் விழுகின்றன. 2018ஆம் ஆண்டு போகியன்று இப்புகையும் காலைப் பனியும் கலந்து சென்னையை மூடியதால் விமானங்கள் இறங்க இயலாமல் தடைப்பட்டன. பழையதை நீக்குதல் என்பது அதனை வானத்தில் தூவுதல் ஆகாது அன்றோ?

ஆகவே, ஒரு பொருளை எறியுமுன் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. 'இது தன் முதல் வேலைக்கு உதவாது. வேறொரு வேலைக்கு உதவுமா?' என்பதே அக்கேள்வி. சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்று சொல்லிய நாட்டில் இக்கேள்வி புதிதன்று. ஆனால் அதைக் கேட்கும் பழக்கம் குறைந்து வருகிறது. இக்கேள்வியைக் கேட்டு, வீட்டில் உள்ளவற்றைக் கொண்டே வீட்டைப் புதுக்கும் வகையை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் என் பிழை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் நெல் கொட்டி வைக்கும் பத்தாயம் ஒன்று இருந்தது. வயல் போயிற்று, நெல்லும் போயிற்று, பத்தாயம் மட்டும் தாழ்வாரத்தை அடைத்துக்கொண்டு நின்றது. 'இடத்தை அடைக்கிறதே' என்று அதனை விறகு விலைக்குக் கொடுத்துவிட்டேன். ஆறு திங்கள் கழித்துப் புத்தகங்களை அடுக்க அலமாரி வேண்டியிருந்தது. கடையில் வாங்கினேன். அது மரத்தூளைப் பசையிட்டு அழுத்திச் செய்த பலகை. மேலே மரம் போன்ற பூச்சு. இரண்டு மழைக்காலத்தில் அடிப்பலகை ஈரம் குடித்து உப்பி, தோசை போல் அடுக்கடுக்காய்ப் பிரிந்தது. மூன்று தலைமுறை நின்ற பலாப் பலகையை விற்று, மூன்று ஆண்டு நில்லாத பலகையை வாங்கியிருந்தேன். அந்தப் பத்தாயத்தைப் பக்கவாட்டில் திறந்து இரண்டு தட்டு பொருத்தியிருந்தால் அதுவே புத்தக அலமாரியாகியிருக்கும். இவ்வறிவு எனக்குப் பிந்தியே வந்தது. உங்களுக்கு முந்தி வரட்டும் என்றே இதைச் சொல்கிறேன்.

பொதுவாகப் பேசுவதைவிட ஒரு வீட்டை எடுத்துக்கொண்டு பேசுவது தெளிவாக இருக்கும். என் ஒன்றுவிட்ட தங்கையின் வீடு ஒரு சிற்றூரில் இருக்கிறது. முன்னே திண்ணை, அடுத்து 14 அடி நீளமும் 10 அடி அகலமும் உள்ள ஒரே கூடம், பின்னே சமையற்கட்டு. அவ்வளவே வீடு. வாழ்வோர் ஐவர்: தாய், தந்தை, பாட்டி, பத்தாம் வகுப்பில் படிக்கும் பெண், அவள் தம்பி. உண்பதும் உறங்குவதும் விருந்தினர் அமர்வதும் தொலைக்காட்சி ஓடுவதும் அக்கூடத்திலேயே. அந்தப் பெண்ணுக்குத் தேர்வு நான்கு திங்களில். நான் சென்றிருந்தபோது அவள் என்னிடம், 'மாமா, எனக்கு வீடு வேண்டாம். ஒரு மூலை கிடைத்தால் போதும்' என்றாள். மேசையும் நாற்காலியும் வாங்க அவள் தந்தையிடம் அப்போது பணம் இல்லை. 'அடுத்த அறுவடைக்குப் பார்க்கலாம்' என்றார். அறுவடைக்கு முன்பே தேர்வு வந்துவிடும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஒரு தாளை எடுத்துக்கொண்டு அமர்ந்தோம். வீட்டில் உள்ள பொருள்களையெல்லாம் வரிசையாக எழுதினோம். ஒவ்வொன்றின் எதிரிலும், 'கடைசியாக எப்போது இதை எடுத்தோம்?' என்று குறித்தோம். இதுவே முதற்படி. இதற்குச் செலவு இல்லை. ஆனால் இதனால் விளையும் பயன் மிகுதி. நாள்தோறும் எடுப்பவை, ஆண்டுக்கு ஒருமுறை எடுப்பவை, எடுக்காமலே கிடப்பவை என்று பொருள்கள் மூவகையாகப் பிரிந்து நின்றன. நாள்தோறும் வேண்டும் பொருள்கள் எட்டாத பரணிலும், ஆண்டுக்கு ஒருமுறை வேண்டும் பொருள்கள் கண்ணெதிரிலும் இருந்தன. தகரப் பெட்டிகள் இரண்டு ஒன்றன்மேல் ஒன்றாகச் சன்னலை மறைத்து நின்றன. அவற்றில் இருந்தவை பழைய பட்டுத் துணிகளும் கொலு பொம்மைகளும். கூடத்தின் ஒரே சன்னல் ஆண்டு முழுவதும் ஒன்பது நாள் பொம்மைகளுக்காக மூடிக் கிடந்தது!

ஆகவே, வீட்டைப் புதுக்குவதில் முதல் வேலை வாங்குவதன்று; இடம் மாற்றுவது. பெட்டிகளைச் சன்னலிலிருந்து நீக்கினோம். கூடம் மாறியது. ஒளி வந்தது, காற்றும் வந்தது. பாட்டி, 'இந்தச் சன்னல் வழியாக வேப்பமரம் தெரியும் என்பதே மறந்துபோயிற்று' என்றார்.

ஒளியைப் பற்றி இங்கே சிறிது அறிந்துகொள்வோம். இது நீங்கள் பௌதிக வகுப்பில் கற்கும் செய்தியே. ஒரு சிறு விளக்கிலிருந்து நேரே வரும் ஒளி, தூரம் இரு மடங்கானால் நான்கில் ஒன்றாகக் குறையும். தூரம் பாதியானால் நான்கு மடங்காகும். அந்தப் பெண் விளக்கிலிருந்து 8 அடி தள்ளி அமர்ந்து படித்தாள். 4 அடிக்கு நெருங்கி அமர்ந்தால், விளக்கை மாற்றாமலே, அவள் ஏட்டில் நேரே விழும் ஒளி நான்கு மடங்காகும். மின்கட்டணம் ஒரு காசும் கூடாது. அவள் விளக்குக்கு முதுகு காட்டியும் அமர்ந்திருந்தாள். அவள் நிழலே அவள் ஏட்டில் விழுந்தது. வலக்கையால் எழுதுவோர்க்கு ஒளி இடப்புறமிருந்து வரவேண்டும். இடக்கையால் எழுதுவோர்க்கு வலப்புறமிருந்து வரவேண்டும். அப்போது கையின் நிழல் எழுத்தின்மேல் விழாது. பகலில் சன்னலும் இரவில் விளக்கும் இடப்புறம் அமையும்படி ஒரு மூலையைத் தேர்ந்தோம்.

அடுத்து, சுவர். நல்ல வெள்ளைச் சுவர் தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கைத் திருப்பி அனுப்பும். புகை படிந்து பழுத்த சுவர் பெரும்பங்கை விழுங்கிவிடும். சமையற்கட்டை அடுத்த அக்கூடத்தின் சுவர் அவ்வாறு விழுங்கும் சுவராக இருந்தது. திண்ணையின் கீழ் அரை மூட்டைச் சுண்ணாம்பு கிடந்தது. சுண்ணாம்பை நீரில் கரைத்து, துணியில் வடித்து, சிறிது கஞ்சியும் ஒரு சிட்டிகை நீலமும் சேர்த்துப் பூசுவது நம் வீடுகளின் பழைய வழக்கம். கஞ்சி, பூச்சு கையில் ஒட்டாமல் பிடித்து நிற்க உதவும்; நீலம், வெள்ளையில் தோன்றும் மஞ்சட்சாயலை மறைக்கும். பூசிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல ஏற்று மீண்டும் சுண்ணாம்புக் கல்லாக இறுகுகிறது. நீங்கள் ஆய்வுக்கூடத்தில் தெளிந்த சுண்ணாம்பு நீரில் ஊதி, அது பால் போல் ஆவதைப் பார்த்திருப்பீர்கள். சோதனைக் குழாயில் நிகழ்ந்த அதே வேலை சுவரிலும் நிகழ்கிறது. கல்வி வீட்டுக்கு வருவது இவ்வாறுதான். ஓர் எச்சரிக்கை: சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் பெருந்தீங்கு நேரும், பூசுவோர் கண்ணைக் காத்துக்கொள்ள வேண்டும்.

சன்னலுக்கு எதிர்ச்சுவரில் பழைய மரச்சட்டக் கண்ணாடி ஒன்றை மாட்டினோம். கண்ணாடி ஒளியை உண்டாக்குவதில்லை. வந்த ஒளியை வேறு பக்கம் அனுப்புகிறது. அவ்வளவே. ஆயினும் வீணே சுவரில் மடியும் ஒளி, இருண்ட மூலைக்குச் சென்று சேர்கிறது. கூடமும் சற்றுப் பெரிதானாற்போல் தோன்றுகிறது. படிப்பவர் கண்ணில் நேரே அடிக்காதவாறு மாட்டுவதில் மட்டும் கருத்து வேண்டும்.

இனி, மேசை. கூடத்து உத்தரத்தில் முன்பு ஊஞ்சல் ஒன்று தொங்கியது. வளையம் தேய்ந்ததால் சங்கிலியை இறக்கிவிட்டார்கள். பலகை சுவரோரம் சாய்ந்து கிடந்தது. ஐந்தடி நீளத் தேக்கு. தந்தை அதனை விற்றுவிட எண்ணியிருந்தார். பாட்டிக்கு மனமில்லை. 'உன் தாத்தா கடைசிக் காலத்தில் இதில்தான் சாய்ந்திருந்தார், அம்மா' என்று பேத்தியிடம் சொன்னார். அதுவரை அந்தப் பெண்ணுக்கு அச்செய்தி தெரியாது. சன்னலிலிருந்து நீக்கிய தகரப் பெட்டிகள் இரண்டையும் மூன்றடி இடைவெளியில் வைத்து, அவற்றின்மேல் இப்பலகையைக் கிடத்தினோம். மேசை ஆயிற்று. தரையில் சம்மணமிட்டு அமர்ந்து எழுதுவோர்க்கு மேசை 12 முதல் 14 அங்குல உயரம் இருந்தால் போதும். தகரப் பெட்டியின் உயரமும் ஏறத்தாழ அதுவே. 'பலகையை வைத்துவிட்டால் பெட்டியைத் திறப்பது எப்படி?' என்று தம்பி கேட்டான். நல்ல கேள்வி. ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கும் பொருள்களையே அப்பெட்டிகளில் வைத்தோம். அன்று பலகையை இறக்கினால் போயிற்று. நாம் முதலில் எழுதிய தாளின் பயன் இப்போது விளங்குகிறதல்லவா?

பழைய மரத்தைப் புதுக்குவது எளிது. முதலில் ஈரத்துணியால் துடைத்து உலர்த்த வேண்டும். பின்பு உப்புத்தாளை மரத்தின் இழை ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் கீறல் விழும். பிறகு ஆளி விதை எண்ணெயை மெல்லியதாகத் தடவித் துடைத்தால் மரத்தின் நிறம் மேலெழும். இவ்வெண்ணெய் நீரைப்போல் ஆவியாகி உலர்வதில்லை. காற்றிலுள்ள பிராணவாயுவோடு கூடி இறுகுகிறது. அப்போது வெப்பம் பிறக்கும். ஆதலின் எண்ணெய் நனைந்த துணிகளைச் சுருட்டி மூலையில் போட்டுவிட்டால், வெப்பம் வெளியேற வழியின்றி அவை தாமே தீப்பற்றுவதும் உண்டு. அத்துணிகளை விரித்து, வெட்டவெளியில் உலர்த்தியே பின்னர் நீக்க வேண்டும்.

மற்றோர் எச்சரிக்கை இதனினும் பெரிது. அவ்வீட்டுச் சன்னற் கதவுகளில் பல ஆண்டுகளுக்கு முன் பூசிய பச்சை வண்ணம் செதில் செதிலாய் உரிந்திருந்தது. தம்பி உப்புத்தாளோடு அதனிடம் ஓடினான். நான் தடுத்துவிட்டேன். பழைய எண்ணெய் வண்ணங்களில் காரீயம் கலந்திருக்கக்கூடும். நம் நாட்டில் வீட்டு வண்ணங்களில் காரீயத்தின் அளவு 10 இலட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருத்தல் கூடாது என்னும் விதி 2016ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டு 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முற்பட்ட வண்ணத்தைத் தேய்த்தால் எழும் தூள் குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்கே கேடு செய்யும். அத்தகைய வண்ணத்தைத் தேய்க்காமல், உரிந்த செதில்களை ஈரத்துணியால் எடுத்துவிட்டு, மேலே புதிய பூச்சுக் கொடுப்பதே தக்கது. சிக்கனம் உடல்நலத்தைப் பறித்தால் அது சிக்கனம் ஆகாது.

அடுத்து, துணி. வீட்டின் தோற்றத்தை விரைவாக மாற்றுவது துணியே. தங்கையின் பெட்டியில் நூல் சேலை ஒன்று இருந்தது. ஓரிரு இடங்களில் நைந்திருந்ததால் உடுத்துவதில்லை. இங்கே ஒரு சிறு கணக்குப் போடுவோம். சேலையின் நீளம் 6 கெஜம், அதாவது 18 அடி. அகலம் 46 அங்குலம். சன்னல் 3 அடி அகலம், மூன்றரை அடி உயரம். திரை மடிப்பு மடிப்பாக விழ வேண்டுமானால் சன்னலின் அகலத்தைப்போல் இரு மடங்கு துணி வேண்டும். ஆக 6 அடி. சேலையின் அகலத்தையே திரையின் உயரமாகக் கொண்டால், கம்பி கோக்க 3 அங்குலம் மடித்தபின்னும் 43 அங்குலம் நிற்கும். சன்னலுக்கு அது போதும். இதில் ஒரு நன்மை உண்டு. சேலையின் கரை திரையின் அடிவிளிம்பாக அமைந்துவிடும். கரை பிரியாது, ஆதலால் அங்கே தைக்கவும் வேண்டா, அழகும் தானே வந்துவிடும். எஞ்சிய 12 அடியை இரண்டாக வெட்டி, பக்கம் பக்கமாகச் சேர்த்துத் தைத்தால், ஏறத்தாழ 6 அடி உயரமும் ஏழரை அடி அகலமும் உள்ள பெரிய திரை கிடைக்கும். அதனைக் கயிற்றில் கோத்து அந்தப் பெண்ணின் மூலையை மறைத்துக் கட்டினோம். ஒரு சாணும் வீணாகவில்லை. வெட்டுமுன் சேலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். நைந்த இடங்கள் வெளிச்சத்தில் தெரியும். அவ்விடங்களை மடிப்பிலோ தையலிலோ மறையுமாறு அமைத்துக்கொள்ளலாம்.

ஒரு சேலையை இப்படிக் காப்பதால் என்ன வந்துவிடும் என்று எண்ணாதீர்கள். பருத்தி விளைவதற்கும் துணியாவதற்கும் செலவாகும் நீரைக் கணக்கிட்டவர்கள், ஒரு கிலோ பருத்தித் துணிக்கு உலகச் சராசரியாக ஏறத்தாழ 10,000 லிட்டர் நீர் வேண்டும் என்பர். அரைக் கிலோச் சேலையை எறியும்போது 5,000 லிட்டர் நீரின் உழைப்பையும் எறிகிறோம்.

பழஞ்சேலைக்கு மறுவாழ்வு கொடுத்த கலைகளுள் தலையாயது வங்கத்துக் காந்தா. உடுத்துப் பழகி மென்மையான சேலைகளையும் வேட்டிகளையும் அடுக்கடுக்காக வைத்து, சாதாரண ஓட்டுத் தையலால் ஒன்றாக்கி, குழந்தைக்குப் போர்வையாகவும் விருந்தினர்க்கு விரிப்பாகவும் அவ்வூர்ப் பெண்கள் அமைத்தார்கள். தைக்கும் நூலையும் அவர்கள் கடையில் வாங்கவில்லை. பழஞ்சேலையின் வண்ணக் கரையிலிருந்தே உருவி எடுத்தார்கள். தாமரையும் மீனும் தேரும் யானையும் அந்நூலால் துணியில் மலர்ந்தன. ஆட்சிப் பணியில் இருந்த குருசதய் தத்தர் இவற்றின் அருமையை உணர்ந்து ஊர் ஊராகத் திரட்டினார். அத்திரட்டு இன்று கொல்கத்தாவை அடுத்த ஜோக்காவில் உள்ள அவர் பெயர் தாங்கிய அருங்காட்சியகத்தின் செல்வம். கிழிந்த துணி அருங்காட்சியகம் ஏறியதற்குக் காரணம் துணியன்று. அதில் இறங்கிய கருத்தும் கையுமே.

ஜப்பானிய நாட்டின் வடபகுதியும் இத்தகைய கலை ஒன்றைக் கண்டது. அங்குக் குளிர் மிகுதி, பருத்தி விளையாது. தென்பகுதியிலிருந்து வரும் பழைய பருத்தித் துணியே உழவர்க்கு அரிய பொருள். கிழிந்த இடத்தில் ஒட்டும், ஒட்டின்மேல் ஒட்டுமாகத் தைத்துத் தலைமுறை தலைமுறையாக உடுத்தார்கள், போர்த்தார்கள். அதனைப் 'போரோ' என்பர். வறுமையின் அடையாளம் என்று ஒருகாலத்தில் மறைத்து வைத்த அத்துணிகளை இன்று உலகெங்குமிருந்து வந்து பார்க்கிறார்கள். அந்நாட்டார் உடைந்த பீங்கான் கிண்ணத்தை ஒருவகை மரப்பாலால் ஒட்டி, ஒட்டிய கோட்டின்மேல் பொன் தூளைத் தூவுவதும் உண்டு. அதற்குக் 'கிண்ட்சுகி' என்று பெயர். விரிசலை மறைப்பதற்கு மாறாக, அதையே அணியாக்கிக் காட்டுவது அக்கலையின் உட்கருத்து.

மீண்டும் நம் கூடத்துக்கு வருவோம். சமையற்கட்டின் மூலையில் பித்தளை அண்டா ஒன்று கறுத்துக் கிடந்தது. பழைய பாத்திரக்காரர் எடைக்கு எடை கேட்டுக்கொண்டிருந்தார். புளியும் உப்பும் கொண்டு தேய்த்தோம். அரை மணியில் அண்டா பொன்னாயிற்று. ஏன்? பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்த கலவை. காற்றுப்பட்டு அதன்மேல் படியும் ஆக்ஸைடே அக்கறுப்பு. புளியிலுள்ள டார்ட்டாரிக் அமிலம் அதனைக் கரைத்துவிடுகிறது. உங்கள் பாட்டியார் அமிலத்தின் பெயரை அறியாமலிருக்கலாம். அதன் வேலையை நன்கு அறிவார். அந்த அண்டாவில் சுருட்டிய பாய்களையும் குடைகளையும் நிறுத்தி வாயிலருகே வைத்தோம். இவ்வாறு காட்சிக்கு வைப்பதாயின் தேய்த்தால் போதும். பித்தளையில் சமைப்பதாயின் உள்ளே ஈயம் பூசியிருத்தல் வேண்டும். இல்லையேல் புளிப்பு பட்டுக் களிம்பு ஊறும். இவ்வீயம் வெள்ளீயம். முன்னர்ச் சொன்ன காரீயம் வேறு, அது நஞ்சு. பெயர் ஒத்திருப்பதால் இரண்டையும் ஒன்றென மயங்கலாகாது.

உடைந்தவை எதற்கு உதவும் என்று கேட்பீர்கள். சண்டிகர் நகரில் பொதுப்பணித் துறையில் சாலை மேற்பார்வையாளராக இருந்தவர் நேக் சந்த். நகரம் எழுந்தபோது இடிபட்ட ஊர்களின் குப்பையிலிருந்து உடைந்த வளையலும் பீங்கானும் ஓடும் பொறுக்கி, 1957ஆம் ஆண்டையொட்டி, காட்டுநிலம் ஒன்றில் எவரும் அறியாமல் பதுமைகள் செய்யத் தொடங்கினார். 1975இல் அரசினர் அதனைக் கண்டனர். இசைவின்றி அமைத்தது என்று இடித்துவிடவும் முடியும். ஆனால் கண்டவர் மனம் இடிக்க ஒப்பவில்லை. 1976இல் அது மக்களுக்குத் திறக்கப்பட்டது. இன்று அதன் பெயர் கல்தோட்டம். கேரளத்தில் வாழ்ந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் இடிபடும் வீடுகளின் கதவுகளையும் சன்னல்களையும் தாம் கட்டிய வீடுகளில் பொருத்தினார். வெற்றுப் புட்டிகளைச் சுவரில் பதித்து வண்ண ஒளியை உள்ளே வரவழைத்தார். ஐந்து மைல் சுற்றளவில் கிடைக்கும் பொருளைக் கொண்டே வீடு கட்ட வேண்டும் என்று காந்தியடிகள் தம்மிடம் கூறியதை அவர் பலமுறை நினைவுகூர்ந்தார். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவுக்குச் சென்றால், இடிபட இருந்த பழைய வீடுகளைப் பெயர்த்துக் கொணர்ந்து மீண்டும் எழுப்பியிருப்பதைக் காணலாம். அத்தூண்களும் கதவுகளும் விறகாகியிருக்க வேண்டியவை.

இங்கே உங்களுள் ஒருவர் எழுந்து, 'இதெல்லாம் இல்லாமையை அழகாகப் பேசும் முறையன்றோ? வசதியுள்ளவர் வாங்கட்டும், இல்லாதவர் ஒட்டுப் போடட்டும் என்பதா?' என்று கேட்கலாம். அக்கேள்வியில் நியாயம் உண்டு. அந்தப் பெண்ணுக்குத் தனி அறையும் நல்ல மேசையும் கிடைப்பதே முறை. அதற்காக உழைப்பதை நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அறை வரும்வரை தேர்வு காத்திராது. மேலும் இப்பழக்கம் வறியவர்க்கு மட்டும் உரியதன்று. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனில் 1941 சூன் முதல் துணிக்குப் பங்கீடு வந்தது. அது 1949 வரை நீடித்தது. 1943இல் அந்நாட்டு அரசே, உள்ளதைப் பழுது பார்த்துப் பயன்படுத்தும் வகைகளை ஒரு சிறு நூலாக வெளியிட்டது. பணம் படைத்த வீட்டிலும் பழைய திரை சட்டையாயிற்று. பழைய போர்வை மேலங்கியாயிற்று. மரத்தட்டுப்பாட்டால் புதிய மரச்சாமான்கள் கிடைப்பது அரிதாகி, புதிதாக மணந்தவர்க்கும் குண்டுவீச்சில் வீடிழந்தவர்க்கும் முதலிடம் தந்து அளந்தே வழங்கப்பட்டன. அன்று போர் கட்டாயப்படுத்தியதை, இன்று அறிவு நமக்கு அறிவுறுத்துகிறது. உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி கரி. எரித்தால் அது கரியமில வாயுவாகி வானுக்குச் செல்லும். மேசையாக நின்றால் வீட்டிலேயே தங்கும். செல்வரும் இதனை எண்ண வேண்டும். செல்வர்தாம் மிகுதியாக எண்ண வேண்டும்.

எனினும் எல்லை ஒன்று உண்டு. 'என்றாவது உதவும்' என்று எல்லாவற்றையும் சேர்த்து வைப்பது நான் சொல்லும் வழியன்று. அவ்வாறு சேர்த்ததால்தான் அச்சன்னல் மூடிக் கிடந்தது. ஒரு பொருளைக் கையில் எடுத்தால் அதற்குரிய புதிய வேலையைச் சொல்ல முடிய வேண்டும். சொல்ல இயலாவிட்டால், அது தேவைப்படும் வேறொருவர்க்குக் கொடுத்துவிட வேண்டும். மின்கம்பி நைந்த விளக்கு, விரிசல் விட்ட கண்ணாடி, நஞ்சு மருந்து இருந்த டப்பா ஆகியவற்றுக்கு வீட்டில் மறுவாழ்வு இல்லை. அவற்றைத் துணிந்து நீக்குங்கள்.

அன்று மாலைக்குள் அக்கூடம் மாறிவிட்டது. நாங்கள் செலவிட்டது உப்புத்தாளும் எண்ணெயும் நூற்கண்டும் வாங்கிய சில்லறைக் காசு. இரவு உணவு முடிந்ததும் பெண் திரையை இழுத்துவிட்டு, பாட்டன் சாய்ந்திருந்த பலகையின் முன் அமர்ந்தாள். தந்தை ஒன்றும் பேசாமல் எழுந்து தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்தார். அதுவரை அவ்வீட்டில் எவரும் அதைக் குறைத்ததில்லை. ஒரு மூலைக்கு உருவம் கிடைத்ததும் அதற்கு மதிப்பும் கிடைத்தது. நான் ஊர் திரும்பிய பின்னர் அந்தப் பெண் தேர்வில் தேறினாள். இப்போது பக்கத்து நகரில் மேல்வகுப்புப் படிக்கிறாள். பலகை அவள் தம்பிக்கு வந்திருக்கிறது.

மாணவ மாணவியரே! வரும் விடுமுறையில் ஒரு தாளை எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டைச் சுற்றி வாருங்கள். ஒவ்வொரு பொருளின் வரலாற்றையும் பெரியவர்களிடம் கேளுங்கள். கேட்டபின் எதை மாற்றலாம், எதைத் திருத்தலாம், எதைக் கொடுக்கலாம் என்று முடிவு செய்யுங்கள். பெரியவர்களின் இசைவின்றி எதையும் வெட்டாதீர்கள். முதலில் உங்கள் வீட்டுச் சன்னலை எந்தப் பெட்டி மறைத்து நிற்கிறது என்று பாருங்கள். வேலை அங்கிருந்து தொடங்கட்டும்.